பேரெண் கணக்கில் எந்த நிரல்மொழி வேகமானது? என் ஒப்பீடு எதை அளந்தது?

கதிர்வரி (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். நிரலாக்கம் கற்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 64 பிட்டுக்குள் அடங்காத முழு எண்களைக் கையாளும்போது எந்த நிரல்மொழி எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பதை ஒரே ஒரு எளிய கணக்கைக் கொண்டு காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்காக 1 முதல் 1,00,000 வரையிலான எல்லா எண்களையும் பெருக்கி வரும் காரணீயப் பெருக்கத்தை எடுத்துக்கொண்டேன். விடையில் 4,56,574 இலக்கங்கள் இருக்கின்றன. சி மொழியில் பேரெண் கணக்குக்கான ஜிஎம்பி லைப்ரரியுடனும், ஜாவா 17-இல் அதன் பேரெண் வகையான பிக்இன்டிஜர் கொண்டும், பைத்தான் 3.11-இல் அதன் இயல்பான முழு எண்ணைக் கொண்டும் ஒரே மாதிரியான லூப் எழுதினேன். மூன்றிலும் 1-இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த எண்ணால் பெருக்கி, கடைசியில் விடையை ஒரு கோப்பில் எழுதுவதுதான் வேலை. நிரல் தொடங்கியதிலிருந்து முடியும் வரையிலான மொத்த நேரத்தை அளந்தேன்.

சி முதலிடத்தில் வந்தது, அதை எதிர்பார்த்ததுதான். ஜாவா இரண்டாவதாக வந்தது. பைத்தான் முதலில் ஓடவே இல்லை. கணக்கு முழுவதையும் செய்து முடித்த பிறகு, விடையை எழுத்தாக மாற்றும் இடத்தில் 4300 இலக்க வரம்பைத் தாண்டிவிட்டதாகப் பிழை காட்டி நின்றுவிட்டது. அந்த வரம்பை நீக்கிவிட்டு ஓட்டியபோது மூன்றாவது இடத்தில், நல்ல இடைவெளி விட்டு முடிந்தது. இதுவரை கேள்வி எதுவும் எழவில்லை. கம்பைல் செய்யப்படும் மொழி வேகம், இன்டர்ப்ரெட்டர் மொழி மெது என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு பார்த்த இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்திவிட்டன. பைத்தானில் கோப்பில் எழுதும் வரியை மட்டும் எடுத்துவிட்டபோது நேரம் எதிர்பாராத அளவுக்குக் குறைந்து, ஜாவாவின் அருகில் வந்துவிட்டது. அடுத்து, என் லூப்புக்குப் பதிலாகப் பைத்தானின் மேத் மாட்யூலில் இருக்கும் காரணீயப் பெருக்க ஃபங்ஷனை அழைத்தபோது, அது நான் எழுதிய ஜாவா நிரலைப் பல மடங்கு முந்திவிட்டது. மொழி மாறவில்லை, கணினி மாறவில்லை, விடையும் மாறவில்லை. அப்படியென்றால் நான் அளந்தது எதை? கற்பவர்களிடம் தவறான ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன். இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்திருக்க வேண்டும்?


செந்நிரல் (மறுமொழி 1)

நீங்கள் அளந்தது பெரும்பாலும் லைப்ரரிகளை. பேரெண்ணின் பெருக்கலைப் பைத்தான் இன்டர்ப்ரெட்டர் செய்வதில்லை. அதன் உள்ளே இருக்கும், சி-யில் எழுதப்பட்டு முன்பே கம்பைல் ஆகிவிட்ட பகுதிதான் செய்கிறது.

இதை உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை போதும். பைத்தானில் ஜிஎம்பை2 என்ற லைப்ரரியை நிறுவி, லூப்பின் தொடக்க மதிப்பான 1-ஐ மட்டும் அதன் எம்பிஇசட் வகையாக மாற்றுங்கள். மற்ற வரிகள் எதையும் தொட வேண்டாம். அதன் பிறகு எல்லாப் பெருக்கலும் ஜிஎம்பி-க்குப் போய்விடும். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.


எண்ணுழவன் (மறுமொழி 2)

செந்நிரல் சொன்னது சரி. ஆனால் "லைப்ரரியை அளந்தீர்கள்" என்பதோடு நிறுத்திவிட்டால், பைத்தானின் இரண்டு முடிவுகளுக்கிடையே ஏன் அவ்வளவு வேறுபாடு என்பது விளங்காது. அங்கே லைப்ரரியும் ஒன்றேதான். அதனால் கதிர்வரியின் கணக்கையே எடுத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பேரெண் எதுவும் நினைவகத்தில் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அந்தத் துண்டின் அளவு ஒவ்வொன்றிலும் வேறு. ஜிஎம்பி 64 பிட் கணினியில் 64 பிட் துண்டுகளைப் பயன்படுத்துகிறது. ஜாவாவின் பிக்இன்டிஜர் 32 பிட் துண்டுகளைக் கொண்ட வரிசையாக எண்ணை வைத்திருக்கிறது. பைத்தான் 30 பிட் துண்டுகளை வைத்திருக்கிறது. 30 பிட் எண் இரண்டைப் பெருக்கினால் விடை 60 பிட்டுக்குள் அடங்கிவிடும். மீந்த 4 பிட் இடத்தில் மிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எந்த சி கம்பைலரிலும், எந்தக் கணினியிலும் அது சிக்கலின்றி ஓடும். பைத்தானை எழுதியவர்கள் வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து இந்த வசதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 64 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் 128 பிட் விடை வரும். அதைச் சரியாகப் பிடித்து வைக்க ப்ராசசரின் தனிக் கட்டளைகள் வேண்டும். ஜிஎம்பி 1991 முதல் வளர்ந்து வரும் லைப்ரரி. அதன் உள் லூப்புகள் ஒவ்வொரு ப்ராசசர் வகைக்கும் தனித்தனியாக அசெம்பிளியில், அதாவது இயந்திரக் கட்டளைகளுக்கு நேரான மொழியில், எழுதப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் லூப்பைப் பார்ப்போம். இறுதி விடை சுமார் 15,16,700 பிட் நீளம். ஒரு லட்சம் சுற்றுகளிலும் இருந்த எண்களின் நீளத்தைச் சராசரி எடுத்தால் சுமார் 7,22,000 பிட் வரும். ஜிஎம்பி-யில் அது ஏறத்தாழ 11,300 துண்டுகள். ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை துண்டுகளையும் ஒருமுறை பெருக்க வேண்டும். ஆக மொத்தம் சுமார் 113 கோடி துண்டுப் பெருக்கல்கள். ஜாவாவில் இதே கணக்கு சுமார் 226 கோடி. பைத்தானில் சுமார் 240 கோடி. பிந்தைய இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுதும் வரியை நீக்கியதும் பைத்தான் ஜாவாவின் அருகில் வந்ததற்கு இதுதான் காரணம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலையை, ஏறக்குறைய ஒரே வகையான லூப்பில், கம்பைல் ஆன கட்டளைகளாகச் செய்கின்றன. பைத்தான் இன்டர்ப்ரெட்டர் மெதுவானதுதான். ஆனால் அது வேலை செய்வது ஒரு லட்சம் முறை மட்டுமே. அதன் ஒவ்வொரு முறைக்கும் கீழே சராசரியாக 24,000 துண்டுப் பெருக்கல்கள் நடக்கும்போது, மேலே இருப்பவரின் மெதுவான நடை எங்கே தெரியப்போகிறது?

அடுத்தது எழுத்தாக மாற்றும் வேலை. இதைப் பலரும் வெறும் அச்சடிப்பு என்று எண்ணி அளவீட்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது இரண்டடிமான எண்ணைப் பத்தடிமானமாக மாற்றும் ஒரு முழுக் கணக்கு. பைத்தான் 3.11 வரை இந்த மாற்றம் பள்ளிக்கூட முறையில் நடந்தது. 30 பிட் துண்டு ஒவ்வொன்றாக எடுத்து, 9 இலக்கங்கள் கொண்ட துண்டுகளாக அதுவரை சேர்ந்திருக்கும் விடை முழுவதையும் ஒருமுறை புரட்ட வேண்டும். உங்கள் விடையில் 30 பிட் துண்டுகள் சுமார் 50,560. 9 இலக்கத் துண்டுகள் சுமார் 50,730. இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் சுமார் 128 கோடி படிகள். ஒவ்வொரு படியிலும் நூறு கோடியால் வகுக்கும் வேலையும் உண்டு. அதாவது விடையை எழுதுவதற்கே, அதைக் கண்டுபிடித்த உழைப்போடு ஒப்பிடத் தக்க அளவு உழைப்பு தேவைப்பட்டது. 2022-இல் அந்த 4300 இலக்க வரம்பு சேர்க்கப்பட்டதும் இதனால்தான். இலக்கங்கள் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், மிக நீளமான எண்ணை அனுப்பியே ஒரு சர்வரை முடக்கிவிட முடியும் என்ற அச்சம் இருந்தது. பைத்தான் 3.12-இல், மிகப் பெரிய எண்களுக்கு, எண்ணைப் பாதி பாதியாகப் பிரித்து மாற்றும் முறை வந்துவிட்டது, வகுத்தலுக்கும் அவ்வாறே. ஜாவாவில் இவை 2014-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கின்றன. ஆகவே உங்கள் முதல் அளவீட்டில் ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் தெரிந்த பெரிய இடைவெளி, பெருக்கலில் வந்ததன்று, அச்சடிப்பில் வந்தது.

மூன்றாவதாக மேத் மாட்யூலின் ஃபங்ஷன். அது 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்குவதில்லை. எண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பிரித்து, கீழிருந்து மேலாகச் சம நீளமுள்ள எண்களைப் பெருக்கிக்கொண்டு வருகிறது. இரண்டின் அடுக்குகளைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் இடப்பக்கம் நகர்த்திவிடுகிறது. உங்கள் லூப்பில் எப்போதும் ஒரு பக்கம் பெரிய எண், மறுபக்கம் ஒரே துண்டில் அடங்கும் சிறிய எண். அந்த நிலையில் எந்த வேகமான பெருக்கல் முறைக்கும் வேலையே இல்லை. இரண்டு பக்கமும் பெரிதாக இருந்தால்தான் காரட்சுபா முறை போன்ற வேகமான பெருக்கல் முறைகள் உதவும்.

1960-இல் காரட்சுபா கண்டது என்னவென்றால், எண்ணைப் பாதியாகப் பிரித்துப் பெருக்கும்போது நான்கு சிறு பெருக்கல்கள் தேவையில்லை, மூன்று போதும் என்பது. இதனால் நீளம் இரட்டிக்கும்போது உழைப்பு நான்கு மடங்காகாமல் மூன்று மடங்கே ஆகிறது. பைத்தான் 70 துண்டுகளுக்கு மேல், அதாவது சுமார் 630 இலக்கங்களுக்கு மேல், இந்த முறைக்கு மாறுகிறது. அதற்கு அப்பால் அதனிடம் வேறு முறை இல்லை. ஜாவா 80 துண்டுகளில், சுமார் 770 இலக்கங்களில், காரட்சுபாவுக்கு மாறி, 240 துண்டுகளில், எண்ணை இன்னும் அதிகப் பகுதிகளாகப் பிரிக்கும் டூம்-குக் முறைக்குப் போகிறது. ஜிஎம்பி டூம்-குக்கின் பல வகைகளைத் தாண்டி, மிகப் பெரிய எண்களுக்கு 1971-இல் ஷோன்ஹாகெயும் ஸ்ட்ராசனும் தந்த ஃபூரியே வழிப் பெருக்கலுக்கு மாறுகிறது. அங்கே நீளம் இரட்டித்தால் உழைப்பு இரண்டு மடங்கைவிடச் சற்றுத்தான் கூடும். மொழியைப் பற்றி எதுவும் சொல்லாமலேயே, எண்ணின் நீளத்தை மட்டும் மாற்றி, இந்த மூன்றின் இடைவெளியையும் விரிக்கவோ சுருக்கவோ முடியும். உங்கள் கட்டுரையில் வர வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்: "எவ்வளவு நீளமான எண்ணுக்கு, எந்த வகைச் செயலுக்கு" என்று சொல்லாமல் இந்தத் துறையில் எந்த வேக எண்ணும் பொருள்படாது.

ஜாவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கும் அடிப்படை லூப்பை, பரவலாகப் பயன்படும் 64 பிட் ப்ராசசர்களில் ஹாட்ஸ்பாட் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) தனியே அடையாளம் கண்டு, கைப்பட எழுதிய இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. அங்கே துண்டுகள் 64 பிட்டாகவே கையாளப்படுகின்றன. உங்கள் லூப்பில் ஓடுவது ஒரே துண்டால் பெருக்கும் வேறொரு வழி. அதற்கு அந்தச் சலுகை இல்லை. எனவே ஜாவாவுக்கும் நீங்கள் முழு வாய்ப்புத் தரவில்லை.


அலைமொழி (மறுமொழி 3)

எண்ணுழவனின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதைப் படிப்பவர்கள் "பேரெண் கணக்கில் மொழி ஒரு பொருட்டே இல்லை" என்று புரிந்துகொண்டு போய்விடக் கூடாது. அவர் எடுத்துக்கொண்டது லட்சக்கணக்கான இலக்கங்கள். அன்றாடம் நிரல் எழுதுபவர்கள் சந்திக்கும் பேரெண்கள் பெரும்பாலும் அத்தனை பெரியவையல்ல. மறைகுறியாக்கத்தில் 256 பிட், 2048 பிட், 4096 பிட். பின்னங்களைத் துல்லியமாகக் கூட்டும் கணக்குகளில் நூறு, இருநூறு பிட். அங்கே நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது.

256 பிட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது நான்கு 64 பிட் துண்டுகள் மட்டுமே. இரண்டு அத்தகைய எண்களைப் பெருக்க 16 துண்டுப் பெருக்கல்கள் போதும். நவீன ப்ராசசருக்கு அது சில பத்து சுழற்சிகளில் முடிகிற வேலை. சி-யிலோ ரஸ்ட்டிலோ அளவு நிலையான நான்கு துண்டு வரிசையாக அதை ஸ்டாக்கிலேயே வைத்துக்கொண்டால், நினைவகம் கேட்க வேண்டியதில்லை, நீளத்தைச் சோதிக்க வேண்டியதில்லை, லூப்பைக் கூடக் கம்பைலர் விரித்துவிடும். பைத்தானில் அதே பெருக்கலுக்கு என்னென்ன நடக்கிறது? இன்டர்ப்ரெட்டர் கட்டளையைப் படிக்கிறது, இரு பக்கமும் என்ன வகை என்று பார்க்கிறது, விடைக்குப் புதிதாக ஒரு பொருளை நினைவகத்தில் உருவாக்குகிறது, பெருக்குகிறது, பழைய பொருளின் குறிப்பெண்ணிக்கையை (அதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கை) குறைத்து அதை விடுவிக்கிறது. இதில் பெருக்கல் சிறு பகுதிதான். இங்கே ஜிஎம்பை2-க்கு மாறினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் செலவு லைப்ரரியின் உள்ளே இல்லை, அதன் வாசலில் இருக்கிறது.

இடைப்பட்ட மொழிகள் இந்த வாசல் செலவை எப்படிக் குறைக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹாஸ்கெலின் இன்டிஜர் வகைக்கு உள்ளே மூன்று வடிவங்கள் உண்டு: ஒரு துண்டுக்குள் அடங்கும் எண், பெரிய நேர்ம எண், பெரிய எதிர்ம எண். அடங்கும் வரை சாதாரண இயந்திர எண்ணாகவே கூட்டும். மிஞ்சினால் மட்டும் ஜிஎம்பி-யிடம் போகும். ரூபியும் சிறிய எண்ணைப் பொருளாக உருவாக்காமல், சுட்டிக்குள்ளேயே அடக்கி வைக்கிறது. பைத்தான் -5 முதல் 256 வரையிலான எண்களை மட்டும் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. ஜூலியா வேறு வழியில் போகிறது: சாதாரண முழு எண் 64 பிட்டைத் தாண்டினால் எச்சரிக்கையின்றிச் சுற்றி வந்து தவறான மதிப்பைத் தந்துவிடும், பேரெண் வேண்டுமென்றால் நிரலாளரே பிக்இன்ட் என்று கேட்க வேண்டும், கேட்டால் அது ஜிஎம்பி-யின் மேல் இயங்கும், ஒவ்வொரு செயலுக்கும் புதுப் பொருள் உருவாகும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே போலப் பிக்இன்ட் தனி வகை. 2018-இல் குரோம் 67-இல் வந்து, 2020-இன் மொழி வரையறையில் சேர்ந்தது. அதைச் சாதாரண எண்ணோடு கலந்து கூட்ட மொழி விடுவதில்லை.

நினைவகப் பேச்சு வந்ததால் கதிர்வரியின் நிரலுக்கே திரும்புகிறேன். பைத்தானில் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 96,000 பைட் அளவுள்ள புதுப் பொருள் ஒன்று பிறந்து, அடுத்த சுற்றில் இறக்கிறது. ஒரு லட்சம் சுற்றுக்கு அது சுமார் 960 கோடி பைட். இறுதி விடைக்குத் தேவையான இடமோ சுமார் 2 லட்சம் பைட் மட்டுமே. சி நிரலில் ஒரே மாறியை வாங்கும் இடத்திலும் விடை வைக்கும் இடத்திலும் கொடுக்கலாம். ஜிஎம்பி அதே இடத்திலேயே பெருக்கி வைத்துவிடும். ஜாவாவிலும் பைத்தானிலும் முழு எண் மாறாத பொருள் என்பது மொழியின் வாக்குறுதி. ஆகவே இந்த வேறுபாடு லைப்ரரியினுடையதன்று, மொழியினுடையது. இதையும் அளவில் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.


கதிர்வரி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. சொன்னவற்றை எல்லாம் செய்து பார்க்க இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன்.

முதலில், கணக்கையும் எழுத்தாக மாற்றுவதையும் கோப்பில் எழுதுவதையும் தனித்தனியாக அளந்தேன். மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிச் சொன்னதுதான் என் முதல் தவறு என்று தெளிவாகத் தெரிந்தது. கோப்பில் எழுதும் நேரம் எல்லாவற்றிலும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுதான். பைத்தான் 3.11-இல் எழுத்தாக மாற்றும் நேரம் மிகக் கனமாக இருந்தது, 3.12-க்கு மாறியதும் அந்தப் பகுதி வெகுவாகச் சுருங்கியது, பெருக்கல் நேரம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

பிறகு செந்நிரல் சொன்ன சோதனை. தொடக்க மதிப்பை மட்டும் மாற்றிய பைத்தான் நிரல், சி நிரலை நெருங்கிவிட்டது. மீந்திருந்த சிறு இடைவெளிக்கு, ஒவ்வொரு சுற்றிலும் புதுப் பொருள் உருவாவதே காரணம் என்று அலைமொழி எழுதியதை வைத்துப் புரிந்துகொள்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க விரும்பினேன். மொழியை அப்படியே வைத்து லைப்ரரியை உயர்த்தினால் என்ன ஆகிறது என்று தெரிந்துவிட்டது. மொழியை அப்படியே வைத்து லைப்ரரியைத் தாழ்த்தினால்? ஜிஎம்பி-யோடு மினி-ஜிஎம்பி என்ற சிறு பதிப்பும் வருகிறது. அசெம்பிளி இல்லாமல், வேகமான பெருக்கல் முறைகள் இல்லாமல், வெறும் சி-யில் எழுதப்பட்டது. ஃபங்ஷன் பெயர்கள் அவையே என்பதால் என் நிரலில் ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. சி-யின் முன்னணி பெரிதும் சுருங்கிவிட்டது. அதே சி, அதே கம்பைலர், அதே நான் எழுதிய லூப். இந்தச் சோதனை எனக்குப் புரியவைத்த அளவுக்கு வேறு எதுவும் புரியவைக்கவில்லை என்பதால், கட்டுரையை இதிலிருந்தே தொடங்கப் போகிறேன்.

256 பிட் எண்களைக் கோடி முறை பெருக்கும் இன்னொரு சோதனையையும் சேர்த்தேன். அங்கே பைத்தான் வெகுதூரம் பின்தங்கியது. ஜிஎம்பை2 அதைக் காப்பாற்றவில்லை. அலைமொழி சொன்னபடியே நடந்தது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. பை எண்ணின் முதல் 10,000 இலக்கங்களைக் கண்டுபிடிக்கும் சோதனை மொழிகளின் வேக ஒப்பீடுகளில் பல ஆண்டுகளாகப் புழங்கி வருகிறது. என் காரணீயப் பெருக்கத்தைவிட அது நேர்மையான அளவுகோல்தானா? அதையே எடுத்துக்கொள்ளலாமா?


எண்ணுழவன் (மறுமொழி 4)

நீங்கள் இரு பக்கமும் சோதித்துப் பார்த்தது மிகவும் நிறைவாக இருந்தது. மொழியை நிறுத்தி லைப்ரரியை மாற்றுவது, லைப்ரரியை நிறுத்தி மொழியை மாற்றுவது என்ற இரண்டையும் செய்யாத ஒப்பீடுகள்தான் இணையத்தில் மிகுதி.

பை சோதனையைப் பொறுத்தவரை, அங்கே எல்லோரும் பயன்படுத்துவது 2006-இல் ஜெரமி கிப்பன்ஸ் வெளியிட்ட முறையை ஒட்டியது. குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வருவதுபோல இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. அழகான முறை. ஆனால் உள்ளே பார்த்தால், சில பேரெண்களை ஒவ்வொரு படியிலும் ஒரு சிறிய எண்ணால் பெருக்கிக் கூட்டுவதும், விடை ஒற்றை இலக்கமாக வரும் வகுத்தலைச் செய்வதுமே பெரும்பகுதி. உங்கள் லூப்பில் இருந்த அதே குறை இங்கேயும் உண்டு. பெரிதைப் பெரிதால் பெருக்கும் சூழ்நிலை வருவதே இல்லை என்பதால், காரட்சுபாவோ ஃபூரியே முறையோ இருப்பதும் இல்லாததும் அங்கே ஒன்றுதான். அந்தச் சோதனை அளப்பது ஒரு துண்டால் பெருக்கும் உள் லூப்பின் தரத்தையும், இடம் மாறாமல் பெருக்க முடிகிறதா என்பதையும். முன்வரிசையில் இருக்கும் நிரல்கள் பலவும் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் ஜிஎம்பி-யையே அழைப்பதால், மேலிருக்கும் வரிசை மிக நெருக்கமாக இருப்பதைக் காண்பீர்கள்.

பையின் இலக்கங்களை உண்மையிலேயே விரைவாகக் காண விரும்புபவர்கள் சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் வாய்பாட்டைக் கையாள்வார்கள். அதன் ஒவ்வொரு உறுப்பும் 14 இலக்கங்களுக்குச் சற்று மேலாகத் தருகிறது; 10 லட்சம் இலக்கங்களுக்கு சுமார் 70,500 உறுப்புகள் போதும். அவற்றை வரிசையாகக் கூட்டாமல், மேத் மாட்யூல் காரணீயப் பெருக்கத்துக்குச் செய்ததைப் போலவே, இரண்டிரண்டாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டு வந்தால், மேல் மட்டங்களில் இரு பக்கமும் லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பெருக்கல்கள் வரும். வேகமான பெருக்கல் முறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் அங்கே சட்டென்று பிரிந்துவிடுவார்கள். பைத்தானின் இயல்பான முழு எண் காரட்சுபாவோடு நின்றுவிடுவதால் திணறும். ஆனால் அதே பைத்தானின் டெசிமல் மாட்யூல் 3.3-ஆம் பதிப்பிலிருந்து, மிக நீண்ட எண்களுக்கு ஃபூரியே வகையைச் சேர்ந்த முழு எண் முறையைப் பயன்படுத்துகிறது. எண்ணை முதலிலிருந்தே பத்தடிமானத்தில் வைத்திருப்பதால் எழுத்தாக மாற்றும் செலவும் அதற்கு மிகக் குறைவு. ஒரே மொழியின் இரு பேரெண் வகைகள் இவ்வளவு வேறுபடுவதை உங்கள் வாசகர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எனவே ஒன்றை மட்டும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 256 பிட் பெருக்கல், உங்கள் லூப், பிரித்துப் பெருக்கும் காரணீயப் பெருக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்திகளாக வையுங்கள். எழுத்தாக மாற்றும் நேரத்துக்கு நான்காவதாக ஒரு பத்தி. லைப்ரரியின் பெயரும் பதிப்பும் மொழியின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்க வேண்டாம்.

அளக்கும்போது ஒவ்வொரு நிரலும் சரியான விடையைத்தான் தந்தது என்று சோதிக்கவும் மறக்காதீர்கள். பிக்இன்ட் என்று கேட்காத ஜூலியா நிரலும், 64 பிட் மாறியில் பெருக்கும் சி நிரலும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். விடைதான் தவறாக இருக்கும். உங்கள் காரணீயப் பெருக்கத்துக்கு எளிய சோதனை உண்டு. 1,00,000-ஐ 5, 25, 125 என்று 5-இன் அடுக்குகளால் வகுத்துக் கிடைக்கும் ஈவுகளைக் கூட்டினால் 20,000 + 4,000 + 800 + 160 + 32 + 6 + 1, அதாவது 24,999 வரும். விடையின் வலக்கோடியில் சரியாக அத்தனை பூச்சியங்கள் இருக்க வேண்டும். அது பொருந்தினால் இலக்கங்களின் மொத்த எண்ணிக்கையையும் பாருங்கள். அதன் பிறகு மூன்று நிரல்களின் விடைக் கோப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு பைட் கூட வேறுபடாத பின்பே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.